கட்டாரில் பவுசர் ஓட்டும் காகம்

நாற்பத்தொரு கட்டுரைகள். அவற்றுள் இருபத்தாறில் வீட்டுக்குள் காகம் இருந்தது.

தலைப்பு ஒன்றும் சிக்கலானதல்ல. 'எனது குடும்பம்', ஆங்கிலத்தில், பத்து வரி. கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் எட்டாம் தரத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் முஸ்பிறா, தவணைப் பரீட்சைக்கு முந்திய மீட்டலுக்காகக் கொடுத்த வீட்டுவேலை அது. அந்தத் தலைப்பில் வரக்கூடிய பிழைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் ஆசிரியர் அறையில் ஒரு கையில் பால் விடாத பிளேன்ரீயும் மறு கையில் பேனையுமாக, பாதிக் கவனத்தோடுதான் திருத்தத் தொடங்கினார்.

முதல் பிள்ளைக்கு இரண்டு காகங்களும் ஒரு தங்கையும். அடுத்தவளின் மூத்த காகம் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. சின்னக் காகம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் மதிலில் மோதியது. ஐந்தாவது தாளில் காகத்துக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். ஒன்பதாவது தாளில் காகம் சுபஹுத் தொழுகைக்கு எழும்பப் பஞ்சிப்படும், ஆனால் மனசு நல்லது.

பிள்ளைகள் கூடிப் பேசித் தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்றுதான் முஸ்பிறா முதலில் நினைத்தார். அப்படியென்றால் பரவாயில்லை, அதட்டினால் முடிந்துவிடும். முதல் தாளுக்குரியவளைக் கூப்பிட்டார்.

"என்னடி இது, வீட்டுல காகம் வளக்குறீங்களா?"

"இல்ல டீச்சர். அது காக்கா."

"காக்காவுக்கு இங்கிலீசில என்ன?"

"குரோ."

"ஆரு செல்லித் தந்த?"

"டீச்சர்ட புத்தகம்தான்."

இந்தக் கரையோரத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரன் காக்கா. மூத்த சகோதரி தாத்தா. கூரையில் வந்து உட்காரும் பறவை காகம். பேசப் பழகும் குழந்தைகூட இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. பிள்ளை ஓடிப்போய் எடுத்துவந்த மீட்டல் கையேட்டின் அட்டையில், தொகுத்தவர்களின் பெயர்களில் முதலாவதாக முஸ்பிறாவின் பெயர் இருந்தது. பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தாள். வலப்பக்கம் ஆங்கிலப் பந்தி, இடப்பக்கம் அதன் தமிழ். தமிழில், எனது காக்கா கட்டாரில் பவுசர் ஓட்டுகிறார். ஆங்கிலத்தில், எனது காகம் கட்டாரில் பவுசர் ஓட்டுகிறது. அடியில் சொற்பட்டியல். அதில் முதலாவது சொல் குரோ, நேர் எதிரே காக்கா.

பிள்ளைகள்மீது குற்றமில்லை. அச்சில் உள்ளதை நம்பச் சொன்னவரே அவர்தான்.

முஸ்பிறாவுக்கு நாற்பத்துமூன்று வயது. அட்டாளைச்சேனையில் வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்து, அங்குள்ள ஆசிரியர் கலாசாலையிலேயே பயிற்சி முடித்து, கலியாணத்தோடு கல்முனைக்கு வந்தவர். கணவர் றாஸிக் அக்கரைப்பற்றில் நெல் வாங்கி விற்கிறார். பொறுமையான ஆசிரியை என்று முஸ்பிறாவை இதுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ஒரே பிழையை வருடம் வருடமாகப் புதிய பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடிக்கும் தொழிலில் பொறுமை எங்கிருந்து வரும் என்று கேட்பார்.

அவருடைய சண்டைகள் ஊருக்குத் தெரிந்தவை. விளக்கை மூடு என்று ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளையிடம், விளக்குக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்வார். 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதை நிகழ்காலத் தொடர்வினையில் எழுதுபவளிடம், தம்பி இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறானா, எத்தனை மணிக்கு வந்து சேருவான் என்று கேட்பார். 'என்றாலும்' என்று தொடங்கிய வசனத்தின் நடுவில் 'ஆனால்' வந்தால், ஒரு வீட்டுக்கு எத்தனை முன்கதவு வேண்டும் என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த கிழமை அதே பிழை திரும்பி வரும்.

இலக்கியச் சொற்களில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. உவமை, உருவகம், மிகைப்படுத்திச் சொல்வது, மனிதன் அல்லாததை மனிதனாக்கிச் சொல்வது: நான்குக்கும் உதாரணம் தேட அவர் புத்தகத்தைத் திறப்பதில்லை. மீன் சந்தைக்குப் போகச் சொல்வார். ஒரு சூடை மீன் கூறுக்காக நடக்கிற பேரத்தில் நான்கும் வந்துவிடும். வியாபாரி தன் பாரை மீன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறது, வாங்கிப்போய்ச் சமாதானப்படுத்துங்கள் என்பார். இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டு பரீட்சையில் வெறும் தாளைக் கொடுக்கிறார்களே என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

கையேடு அந்த எரிச்சலில் பிறந்தது. ஒன்பது பாடசாலைகளுக்குப் பொதுவான ஆங்கிலக் குழு ஒன்று உண்டு. ஆறு தொடக்கம் ஒன்பது வரையான தரங்களுக்கு இலக்கணம், எழுத்து, இலக்கியச் சொற்கள் என்று மீட்டல் கையேடு வெளியிடுவதும், அதை வைத்துத் தவணைப் பரீட்சைத் தாள் தயாரிப்பதும் அதன் வேலை. பழைய கையேட்டில் பிள்ளைகள் பனியில் சறுக்கினார்கள். அடுப்பங்கரையில் பன்றி இறைச்சி வதங்கியது. ஒரு பந்தியில் நிமாலும் கமலாவும் ரயிலில் போனார்கள். கல்முனைக்கு ரயிலே கிடையாது. பிள்ளை பனியைக் கற்பனை பண்ணி முடிப்பதற்குள் இறந்தகாலம் மணியடித்துப் போய்விடுகிறது என்று முஸ்பிறா ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். கடைசியில் புதிய பந்திகளைத் தானே எழுதினார். கடற்கரையில் மீன் ஏலம் கூறுவது, அறுவடை நேரம் வயலுக்குள் நின்றுபோன வெட்டு மெசின், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்பது, கலியாண வீட்டில் காணாமல்போன செருப்பு. பதினொரு பந்திகள். பதினொராவதில், கட்டாரில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டும் அவருடைய சொந்தக் காக்கா இன்பாஸ் வந்தார்.

குழுவின் தலைவர் மசூர் சேர், ஓய்வுபெற்ற அதிபர். அவருக்கு இந்த ஊர்ப் பந்திகள் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆங்கிலம் படிப்பது ஊரை விட்டு வெளியே பார்க்கத்தானே, அதற்குள்ளும் கஞ்சிப் பானையா என்பது அவர் வாதம். பெரும்பான்மைக்குச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. இந்தப் பந்திகளில் ஒரு பிழை பிடிபட்டாலும் அடுத்த பதிப்பில் அவற்றில் ஒன்றும் இருக்காது. முஸ்பிறா அப்போதே ஒத்துக்கொண்டார். தன் இலக்கணத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இப்போது பிழை பிடிபட்டிருந்தது. பிடித்தவர் முஸ்பிறா ஒருவர் மட்டும்தான்.

பாடசாலை விட்டதும் அவர் நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் றம்ஸீனின் கொம்யூனிகேஷனுக்குப் போனார். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போட் போட்டோ, தட்டச்சு எல்லாம் ஒரே அறையில். கையேட்டைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்தது அங்குதான். றம்ஸீனுக்கு எட்டாம் தரத்தில் ஆங்கிலம் படிப்பித்தது முஸ்பிறாதான். அந்த நினைப்பும் வழியெல்லாம் அவரைக் கடித்துக்கொண்டே வந்தது.

றம்ஸீன் மறைக்கவில்லை. முஸ்பிறா கையால் எழுதிக் கொடுத்த ஆங்கிலத் தாள்களில் கடைசித் தாள் மட்டும் மழை ஒழுக்கில் நனைந்து மை கரைந்துவிட்டது. மறுநாள் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். டீச்சருக்குப் பலமுறை கோல் எடுத்தான்; அவர் அன்று காக்காவைக் கட்டாருக்கு வழியனுப்பக் கொழும்பு விமான நிலையத்தில் நின்றார், போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. பந்தியின் தமிழ் மட்டும் வட்ஸப்பில் இருந்தது. இடப்பக்கத்துக்காக அவர் அனுப்பியது. அதை அப்படியே போனில் போட்டு ஆங்கிலமாக எடுத்துவிட்டான். சொற்பட்டியலையும் அதிலிருந்தே செய்தான்.

"குரோ எண்டு வரக்குள்ள உனக்கு ஒண்டும் தோணல்லியா?"

"தோணின டீச்சர். மறுகா, இங்கிலீசில அதுக்கு வேற கருத்தும் இரிக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"உனக்கு எத்தின காக்கா?"

"நாலு பேர்."

றம்ஸீன் கதிரையைத் துடைத்துப் போட்டான். குடிக்க ஒரு நெக்டோ சோடா வாங்கி வரவா என்று கேட்டான். வேண்டாம் என்றார். சரி, தட்டச்சில் வந்த பிழை. மெய்ப்புப் பார்த்தவர் எப்படி விட்டார்?

மெய்ப்புப் பார்த்தவர் ஞானராணி. கல்முனையிலேயே தமிழ்ப் பாடசாலை ஒன்றில் ஆங்கில ஆசிரியை, மெதடிஸ்தக் குடும்பம், ஆங்கில இலக்கியத்தில் குழுவிலேயே கெட்டிக்காரி. முஸ்பிறாவோடு இருபது வருடச் சிநேகிதம். முஸ்பிறா கொழும்பில் நின்ற நாளில் கடைசிப் பக்கங்களைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவர். இலக்கியச் சொற்களுக்கான வினாக்களையும் அவர்தான் எழுதினார்.

வீட்டு வாசலில் பைக்கூட இறக்கிவைக்காமல் முஸ்பிறா பக்கத்தை நீட்டினார். ஞானராணியின் முகம் மலர்ந்தது. அதைப் பற்றித்தான் கதைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இவ்வளவு காலமும் உனக்குள் இப்படி ஒரு எழுத்து இருக்கிறதென்று சொல்லவே இல்லையே என்று செல்லமாகக் கோபித்தார். தன் வகுப்பில் அந்தப் பந்தியை இரண்டு கிழமை நடத்தியிருக்கிறார். ஒரு காகம் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறது. பாலைவனத்தில் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விமானத்தில் ஊர் வருகிறது.

"சிறகு இருக்கிற காகம் டிக்கட் எடுத்து பிளேனில வருது. அந்த ஒரு வரிக்கு நான் ஒரு முழுப் பாடம் எடுத்தனான்கா. பிள்ளைகள் கண் கலங்கிற்றுதுகள்."

"ஞானராணி, அது எங்கட காக்கா."

"ஓம், காகம்தானே."

"காகமில்ல. காக்கா. இன்பாஸ் காக்கா. நீ அவரோட இருந்து சோறு திண்டிருக்காய்."

ஞானராணி கதிரையில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், முஸ்பிறாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இடப்பக்கத்துத் தமிழை அவர் எப்படிக் காணாமல் விட்டார் என்பதற்கும் காரணம் இருந்தது. மெய்ப்புக்கு வந்தது ஆங்கிலப் பக்கங்கள் மட்டும். புத்தகம் கைக்கு வந்த பிறகும் அவர் தமிழ்ப் பக்கத்தைத் திறப்பதில்லை. தமிழைப் பார்த்தால் பிள்ளை ஆங்கிலத்தை வாசிக்காது என்பது அவர் கொள்கை. வகுப்பில் எல்லோரையும் இடப்பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவைக்கச் சொல்லிவிடுவார். முஸ்பிறாவின் கொள்கை நேர் எதிர். தமிழில் விளங்கினால்தான் ஆங்கிலத்துக்குத் துணிவு வரும் என்று அவர் இரண்டு பக்கத்தையும் திறந்து வைப்பார். ஒரே பந்தியை ஒரு பாடசாலைப் பிள்ளைகள் பறவையாக வாசித்ததும் இன்னொரு பாடசாலைப் பிள்ளைகள் அண்ணனாக வாசித்ததும் அப்படித்தான்.

தான் எழுதிய பந்திதானே என்று முஸ்பிறா அச்சில் அதைத் திரும்ப வாசிக்கவுமில்லை. வகுப்பில் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வந்து சேரவுமில்லை. அதற்குள் விடுமுறையில் பிள்ளைகள் தாங்களாகவே வாசித்திருந்தார்கள்.

ஞானராணிக்கு அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. பரீட்சைத் தாளில் அந்தப் பந்தி இருக்கிறது. அவர்தான் போட்டார். காகம் பவுசர் ஓட்டுகிறது என்ற வரியில் கையாளப்பட்டுள்ள இலக்கிய உத்தி யாது, விளக்குக. ஐந்து புள்ளி. விடை, பெர்சொனிபிகேஷன், அதாவது காகத்தை மனிதனாக்கிச் சொல்வது. தாள்கள் அச்சாகி, கட்டி, ஒட்டி, ஒன்பது பாடசாலைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது.

முஸ்பிறாவின் பிள்ளைகளுக்கு அந்த வரியில் எந்த உத்தியும் இல்லை. ஒருத்தியின் காக்கா கட்டாரில் பவுசர் ஓட்டுகிறார், இன்னொருத்தியின் காக்கா சவூதியில் கிரேன் ஓட்டுகிறார். அதில் விளக்க என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் கட்டாரிலிருந்து இன்பாஸ் கோல் எடுத்தார். வழமையாக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எடுப்பவர்; இந்த முறை விசயம் எப்படியோ றம்ஸீன் மூலம் போய்விட்டது. முஸ்பிறா புலம்பி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, தான் அடுத்த முறை வரும்போது உம்மா மீனாணமும் சோறும் மேசையில் வைக்கத் தேவையில்லை, மதிலில் வைத்துவிட்டால் போதும் என்றார். கூட இருக்கும் ஆட்களிடம் சொன்னாராம். அறை முழுக்க இப்போது அவருக்குப் பெயர் குரோ பாய். அதில் ஒரு நேபாளியும் சேர்த்தி. முஸ்பிறா போனை வைத்துவிட்டார். பிழையைக் கண்டு கோபப்படுவதற்கு உலகத்தில் தன்னைத் தவிர ஒருவருமில்லை என்ற முடிவுக்கு அன்றுதான் வந்ததாகச் சொல்கிறார்.

றாஸிக் வியாபாரிக்குரிய யோசனையைச் சொன்னார். வாயைத் திறக்க வேண்டாம். பரீட்சை முடியட்டும், ஜனவரியில் புதிய பதிப்பு வரும்போது அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் சரி. ஞானராணியின் யோசனையும் சுற்றி வளைத்து அதேதான். ஆசிரியர்களுக்குத் தனித்தனியே சொல்லி, பிள்ளைகளை பெர்சொனிபிகேஷன் என்று எழுதச் சொல்லிவிடலாம். மசூர் சேருக்குத் தெரியவே தெரியாது. ஒரு காகத்துக்காகப் பதினொரு பந்தியையும் இழப்பதா?

முஸ்பிறா ஓரிரவு முழுக்க அதற்குச் சம்மதித்துத்தான் இருந்தார். காலையில் வகுப்புக்குப் போய், குரோ என்றால் காகம், காக்கா என்றால் பிரதர் என்று கரும்பலகையில் எழுதினார். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: அப்படியென்றால் புத்தகத்தில் இருப்பது பிழையா? ஓம் என்றார். பரீட்சையில் வந்தால் புத்தகத்தில் உள்ளபடி எழுதுவதா, டீச்சர் சொன்னபடி எழுதுவதா? தன் வகுப்புக்கு ஒரு வழி சொல்லலாம். மற்ற எட்டுப் பாடசாலைகளிலும் பிள்ளைகள் கையில் அதே பக்கம்தான் இருக்கிறது. பிழை என்று சொல்லாமல் அதைத் திருத்துவது எப்படி?

சனிக்கிழமை குழுக் கூட்டத்தில் அவர் எழும்பிச் சொன்னார்.

மசூர் சேர் பக்கத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, முழுப் பந்தியையும் சத்தமாக வாசித்தார். நல்ல உச்சரிப்பு. காகம் வீட்டுக்கு வந்து உம்மாவைக் கட்டிப்பிடித்து அழும் வரி வந்தபோது ஒருவரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தலைவரையும் முஸ்பிறாவையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் றிஸ்மி சேர், தான் பிழையைக் கண்டதாகவும் ஆனால் பிழை என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். பிள்ளைகள் கேட்டபோது, லண்டனில் மூத்த சகோதரனைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்.

"எந்த லண்டன்ல?" என்று முஸ்பிறா கேட்டார்.

றிஸ்மி சேர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

பரீட்சை விசயம் சுலபமாக முடிந்தது. தாளை மாற்ற வழியில்லை. ஆனால் புள்ளித் திட்டத்தை மாற்றலாம். பறவை என்று எடுத்து உத்தியை விளக்கினாலும் ஐந்து புள்ளி. இது சகோதரன், இங்கே உத்தி எதுவுமில்லை என்று எழுதினாலும் ஐந்து புள்ளி. ஞானராணி அதை முன்மொழிந்தார், எல்லோரும் ஏற்றார்கள். ஒரே வினாவுக்கு ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு விடைகளும் சரி. இலக்கியத்தில் இது நடப்பதுதான் என்று ஞானராணி சமாளித்தார்.

அதன் பிறகுதான் மசூர் சேர் நிபந்தனையை நினைவூட்டினார். அவர் குரலை உயர்த்தவில்லை, குத்திக்காட்டவுமில்லை. அதுதான் முஸ்பிறாவுக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது. பிழை பந்தியால் வரவில்லை, போனால் வந்தது என்றார் முஸ்பிறா. மழையால் வந்தது, கூரையால் வந்தது, தான் கொழும்பில் நின்றதால் வந்தது என்றார். மசூர் சேர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"நிமால் எண்டு போட்டிருந்தா போன் பிழைச்சிருக்குமா டீச்சர்?"

"பிழைச்சிருக்காது சேர்."

"அதத்தான் நான் செல்றன்."

"நான் நடத்தாத பக்கத்த இருபத்தாறு புள்ளைகள் தானா வாசிச்சிருக்குதுகள். வாசிச்சி ஒரு சொல்லும் படிச்சிருக்குதுகள். சொல்லு பிழைதான். நிமாலுட பந்திய எந்தப் புள்ள லீவுல எடுத்து வாசிச்ச, செல்லுங்க சேர்."

மசூர் சேர் கையேட்டை மூடி, அட்டையைத் தடவிப் பார்த்தார். நியாயம் இருக்கிறது என்றார். ஆனால் ஒன்பது பாடசாலைகளின் பெற்றோர் நாளைக்குக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தானே என்றார். கை உயர்த்தச் சொன்னார். ஊர்ப் பந்திகள் தொடரட்டும் என்று முஸ்பிறாவும் ஞானராணியும் உயர்த்தினார்கள். நீக்கலாம் என்று மற்ற மூவரும். மூன்றாவதாக உயர்ந்த கை றிஸ்மி சேருடையது. அது லண்டன் கேள்விக்கான பதில் என்று ஞானராணி படியிறங்கும்போது சொன்னார்.

கூட்டம் முடிந்து இருவரும் பஸ் நிலையம்வரை நடந்தே போனார்கள். ஞானராணி தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டார். முஸ்பிறா அதைக் காதில் வாங்காமல், கட்டிப்பிடித்து அழும் வரிக்கும் ஏதாவது உத்தி படிப்பித்தாயா என்று கேட்டார். படிப்பித்தாராம். என்ன உத்தி என்று கேட்கும் தெம்பு முஸ்பிறாவுக்கு இருக்கவில்லை.

பரீட்சை குறித்த நாளில் நடந்தது. அதற்கு முந்திய கிழமை முஸ்பிறா தன் வகுப்புக்கு அதே கட்டுரையை மீண்டும் கொடுத்திருந்தார். காகங்கள் பெரும்பாலும் போய்விட்டன. மிஞ்சிய ஒருத்தி இரண்டையும் சேர்த்து, எனது பிரதர் குரோ என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டதற்கு, எது சரியென்று தெரியாததால் இரண்டையும் போட்டேன், ஒன்றுக்காவது புள்ளி கிடைக்கும்தானே என்றாள். வீட்டில் உள்ள மூன்று பேரைப் பற்றியும் அவள் எழுதிய வசனங்களில் 'ஆனால்' இருந்தது, மூன்றும் 'என்றாலும்' என்று தொடங்கியிருந்தன.

விடைத்தாள் திருத்தும்போது இன்னொரு தலையிடி. ஞானராணியின் பாடசாலைப் பிள்ளைகள் காகத்தின் தனிமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். நல்ல ஆங்கிலம், புள்ளி குறைக்க இடமில்லை. முஸ்பிறாவின் பிள்ளைகள் ஒரே வரியில், இது அவருடைய சகோதரன், அவர் வேலை செய்கிறார் என்று முடித்திருந்தார்கள். இரண்டுக்கும் ஐந்து. சத்தம் போட்டு முறையிடவும் முடியாது. அந்தத் திட்டத்துக்குக் கை உயர்த்தியவர்களில் அவரும் ஒருவர்.

பந்திகளை என்ன செய்வது என்று றாஸிக் ஒருநாள் கேட்டார். தனியே அச்சடிக்கலாமே, அச்சுச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். முஸ்பிறாவுக்கு அது சரியாகப் படவில்லை. பரீட்சைக்கு வராத புத்தகத்தைப் பிள்ளையின் பையில் எந்தத் தாய் வைத்து அனுப்புவாள்? பந்தி கையேட்டுக்குள் இருந்தால்தான் அதற்கு உயிர். இப்போதைக்குத் தன் வகுப்பில் மட்டும், பாடம் முடிந்து மணியடிக்க மிஞ்சும் நிமிடங்களில் வாசிக்கக் கொடுக்கிறார். மீன் ஏலப் பந்தியில் இறந்தகாலம் இப்போதும் தப்பாகத்தான் வருகிறது.

புதிய பதிப்பு ஜனவரியில் வெளிவரும். அதில் பதினொரு பந்திகளும் இல்லை. எட்டாம் தரத்துக்கு, ஒரு சிறுவன் தன் மாமாவோடு கொழும்புக்குப் பக்கத்துத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும் பந்தி சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைசி மெய்ப்பை முஸ்பிறாதான் பார்க்க வேண்டும் என்று குழு ஏகமனதாகக் கேட்டுக்கொண்டது. அவர் சம்மதித்திருக்கிறார். பக்கங்கள் நவம்பர் கடைசியில் அவர் கைக்கு வரும்.